ஒன்பதே மேட்ச்ல ஒரு சீசன்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லோட 1982 சீசன் செம கூத்துங்க. ரெண்டு வாரம் ஆடினாங்க, அப்புறம் லீகோட வருமானத்துல 55 சதவீதம் எங்களுக்குன்னு பிளேயர்ஸ் ஸ்ட்ரைக்ல இறங்கிட்டாங்க, 57 நாள் ஸ்டேடியமெல்லாம் காலி, 16 மேட்ச் 9ஆ சுருங்கிடுச்சு, கேட்ட 55ம் கிடைக்கல.

அதுல வாஷிங்டன் டீம் 8-1, அதாவது எட்டு வெற்றி, ஒரு தோல்வி. அந்த வருஷ எம்விபி, அதாவது லீக்லயே மதிப்புமிக்க பிளேயர், யாருன்னு நினைக்கிறீங்க, பந்த உதைக்கிறதுக்குன்னே இருந்த அவங்க கிக்கர் மார்க் மோஸ்லி! (கம்பங்களுக்கு நடுவுல பந்த உதைக்கிற ஃபீல்டு கோல், 21 முயற்சில 20 உள்ள.)

ஃபைனலான சூப்பர் பவுல்ல எதிர் டீம் மியாமி 17-13 முன்னாடி இருக்கு, வாஷிங்டனுக்கு நாலாவது டவுன் (கடைசி முயற்சி), பந்த கையில வச்சுக்க வேண்டியது ஒரு யார்டு, அவங்க ஜான் ரிகின்ஸ் பந்த வாங்கி, ஜெர்சியப் புடிச்சு இழுத்தவன உதறிட்டு 43 யார்டு ஓடி, எல்லைக் கோட்டத் தாண்டி டச்டவுன் போட்டாரு பாருங்க, யப்பா! கடைசில வாஷிங்டன் 27-17னு ஜெயிச்சுது.

குட்டி சீசன், அதனால ஓசிக் கப்புன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு ஒத்துக்க முடியல. பிளேஆஃப்ல நாலு மேட்ச் வரிசையா ஜெயிச்சிருக்காங்கல்ல. ஓசின்னா 4-5 வச்சுக்கிட்டு பிளேஆஃப் போன கிளீவ்லாண்டையும் டெட்ராய்ட்டையும் சொல்லுங்க.