நாப்பத்தெட்டு பேரு, ஒரே சீட்டு

இடைத்தேர்தல்னா நமக்குத் தெரிஞ்சது ஒரு தொகுதி, அமைச்சருங்க பாதிப்பேரு அங்கயே டேரா, டீக்கடைல இவங்களே டீ ஆத்தி போட்டோ, கடைசி ரெண்டு நாள் ராத்திரில என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். 2022ல அலாஸ்கால நடந்தது வேற மாதிரி. அங்க மொத்த மாநிலமும் ஒரே தொகுதி. இந்தியாவோட பரப்புல பாதி இருக்கும், ஆனா ஜனத்தொகை ஏழரை லட்சம் கூட இல்ல, அதனால அமெரிக்க கீழ்சபைக்கு அவங்க அனுப்புறது ஒரே ஒரு ஆளு. தமிழ்நாட்டுல ஒரு எம்பி தொகுதியோட வோட்டர் லிஸ்ட்டே இதவிட ரெண்டு மடங்கு வரும்.

அந்த சீட்டுல டான் யங்னு ஒருத்தர் 1973லருந்து 49 வருஷம் உக்காந்திருந்தாரு. 2022 மார்ச்ல ஊருக்குத் திரும்பும்போது பிளேன்லயே இறந்துட்டாரு. அவர் அந்த சீட்டுக்கு வந்ததும் ஒரு பிளேன் கதைதான். 1972ல நிக் பெகிச்னு ஒரு எம்பி, அவர் போன சின்ன விமானம் அக்டோபர்ல காணாமப் போச்சு, அடுத்த மாசம் எலக்சன், ஆளு எங்கன்னே தெரியாத பெகிச் எதிர்ல நின்ன யங்க ஜெயிச்சுட்டாரு! அப்புறம் அவர் இறந்துட்டாருன்னு அறிவிச்சு இடைத்தேர்தல் வெச்சப்போதான் யங் உள்ள வந்தாரு. அப்ப கொஞ்ச ஓட்டுல தோத்தவரு எமில் நாட்டி, அந்த மண்ணோட பூர்வகுடித் தலைவர். இந்தப் பேரையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கங்க.

அரை நூற்றாண்டு கழிச்சு சீட்டு காலி ஆனா சும்மா இருப்பாங்களா, 48 பேரு மனு போட்டாங்க. அதுல சாண்டா கிளாஸ்னு ஒருத்தர், சட்டப்படியே பேரு அதான், ஊரு பேரு நார்த் போல், அங்க கவுன்சிலர் வேற. சிரிக்காதீங்க, ஆறாவதா வந்தாரு.

ஜூன்ல தபால் ஓட்டுலயே முதல் சுத்து, முதல் நாலு பேரு ஆகஸ்ட் 16 ஃபைனலுக்கு. முதல் எடம் சாரா பேலின், ரிபப்ளிகன், முன்னாள் கவர்னர், 2008ல துணை அதிபர் வேட்பாளர். ரெண்டாவது காணாமப் போன பெகிச்சோட பேரன், அவர் பேரும் நிக் பெகிச், ஆனா தாத்தா டெமாக்ரட், பேரன் ரிபப்ளிகன். மூணாவது ஆளு என்ன நெனச்சாரோ நடுவுல விலகிட்டாரு. நாலாவது மேரி பெல்டோலா, யூபிக் பூர்வகுடிப் பெண், டெமாக்ரட், வாங்குனது வெறும் 10 சதவீதம். மீன், குடும்பம், சுதந்திரம்னு பிரச்சாரம். சால்மன் வரத்து கொறஞ்ச ஆத்தோரத்துல வளந்தவங்க பேசுனா அந்த "மீன்" எடுபடத்தான செய்யும்.

ஃபைனல்ல விருப்ப வரிசை ஓட்டு, அந்த மாநிலத்துல முதல் தடவை. 1, 2, 3ன்னு போடணும், யாருக்கும் பாதி வரலன்னா கடைசி ஆள எடுத்துட்டு அவரோட ஓட்டெல்லாம் ரெண்டாவது பேருக்குப் போகும். நம்ம ஜனாதிபதி தேர்தல்லயும் விருப்ப ஓட்டுதான், 1969ல வி.வி. கிரி ஜெயிச்சதே ரெண்டாவது விருப்பத்துலதான், ஆனா சாதாரண ஜனங்க கைல நம்மூர்ல அது வந்ததில்ல. பேலின் இந்த முறையவே திட்டிட்டு இருந்தாங்க, பெகிச்சையும் திட்டுனாங்க, அவர் பதிலுக்குத் திட்டுனாரு. பெல்டோலா யாரையும் திட்டல, பேலின் கூட பழைய சிநேகிதம் வேற.

வெளியூர் தபால் எல்லாம் வந்து சேர ரெண்டு வாரம் காத்திருந்து ஆகஸ்ட் 31 எண்ணுனாங்க. முதல் எண்ணிக்கைல பெல்டோலா 40, பேலின் 31, பெகிச் 28 சதவீதம். பெகிச் அவுட். அவரோட ஏறக்குறைய 53,800 ஓட்டுல பாதிதான் பேலினுக்குப் போச்சு, பதினஞ்சாயிரத்துக்கு மேல பெல்டோலாவுக்கு, ஒரு பதினோராயிரம் பேரு ரெண்டாவது பேரே எழுதல. 91,266க்கு 86,026, பெல்டோலா ஜெயிச்சாச்சு. அமெரிக்க காங்கிரசுக்குப் போன முதல் அலாஸ்கா பூர்வகுடி ஆளு, அன்னிக்கே அவங்களுக்கு 49வது பொறந்தநாள், அதாவது யங் உள்ள வந்த அதே வருஷம் பொறந்தவங்க.

"அறுபது சதவீதம் ரிபப்ளிகன் ஓட்டு விழுந்தும் டெமாக்ரட் ஜெயிச்சா இது மோசடி"ன்னு ஒரே கூச்சல். எனக்கு இதுல உடன்பாடே இல்ல, பெகிச்சுக்கு ஓட்டு போட்டவன் பேலின் வீட்டு சொத்தா என்ன? வேணாம்னு நெனச்சவன் வேணாம்னு எழுதிட்டான். ஆனா இந்த முறைய ஆஹா ஓஹோங்கறவங்களும் ஒண்ண மறைக்கறாங்க. அப்புறம் ஓட்டுச்சீட்டு விவரத்த வெச்சு கணக்கு போட்டுப் பாத்தா, பெகிச் பெல்டோலா கூட தனியா மோதிருந்தா ஜெயிச்சிருப்பாரு, பேலின் கூட மோதிருந்தாலும் ஜெயிச்சிருப்பாரு. எல்லாருக்கும் பரவால்லன்னு தோணுன ஆளு மொதல்ல வெளியே போயிட்டாரு, ஏன்னா பரவால்லங்கறது ரெண்டாவது எடம், அந்த ரெண்டாவது எடத்த எண்ணறதுக்குள்ள அவரே இல்ல. நாலஞ்சு பேருகிட்ட இத பேப்பர்ல போட்டு விளக்கிருக்கேன், ஒருத்தரும் முழுசா கேட்டதில்ல.

ரிபப்ளிகன் கட்சி பாடம் கத்துக்கிச்சு. 2024ல முதல் சுத்துல மூணாவது வந்த ரிபப்ளிகன் விலகிட்டாங்க, பெகிச் நவம்பர்ல பெல்டோலாவ ஜெயிச்சு தாத்தா சீட்டுக்குப் போயிட்டாரு. அதே நாள் அதே பூத்துல இந்த விருப்ப ஓட்டயே தூக்கிடலாமான்னும் கேட்டாங்க, மூணு லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து ஏழுநூத்து சொச்சம் ஓட்டுல அது தப்பிச்சுது. அதுக்கு மட்டும் ரெண்டாவது விருப்பமெல்லாம் இல்ல, ஆமா இல்லன்னு ரெண்டே கட்டம்.