மதுரைல தாத்தா வீட்ட ஹோம்ஸ்டே ஆக்குன கதை

மாசி வீதிக்கு உள்ளுக்க ஒரு சந்துல எங்க தாத்தா கட்டுன வீடு. அப்பா போனதுக்கப்புறம் கீழ அம்மா மட்டும், மாடில மூணு ரூமும் பூட்டியே கிடந்துச்சு. வித்துரலாமான்னு பேச்சு ஓடி ஓடி கடைசில மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வர்றவங்களுக்கு நாள் கணக்குல விடலாம்னு வந்து நின்னோம். எப்படி பண்ணீங்கன்னு நிறைய பேரு கேக்குறாங்க, அதான் ஒரேயடியா எழுதிட்டேன்.

முதல்ல பத்திரம். வீடு தாத்தா பேர்ல. சித்தப்பா ஏற்கனவே தன் பங்க விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாரு, அத்தை கையெழுத்து மட்டும் பாக்கி. அத்தை பணம் எதுவும் கேக்கல, ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க: "சித்திரைத் திருவிழால திருக்கல்யாணத்துக்கும் தேருக்கும் நாங்க இங்கதான் வந்து தங்குவோம், அந்த நாள்ல வெளியாளுக்கு விடக்கூடாது." மதுரைல வருஷத்துலயே ரூம் கிடைக்காம அலையுற நாளே அதுதான், அன்னைக்கு கேக்குற ரேட்டு குடுக்குறதுக்கு ஆள் இருக்கு. தம்பி கணக்கு போட்டு காட்டிப் பாத்தான். அம்மா ஒரு பார்வை பாத்தாங்க, அவ்ளோதான், சரின்னு கையெழுத்து வாங்கிட்டு வந்தோம்.

அடுத்து கட்டட வேலை. மாடி பழைய கட்டைக்குத்து, தேக்கு உத்திரம், மேல செங்கல், சுண்ணாம்பு. மொதல்ல வந்த கான்ட்ராக்டர் செவுத்த எல்லாம் சிமென்ட்ல பூசி வெள்ளை பட்டி அடிச்சுரலாம், புதுசு மாதிரி ஆயிரும்னாரு. நல்லவேளை தெரிஞ்ச ஒரு வயசான கொத்தனார் வந்து பாத்துட்டு, சுண்ணாம்பு செவுத்துல சிமென்ட் பூசினா உள்ள இருக்குற ஈரம் வெளிய வர வழியில்லாம பொரிஞ்சு விழும்யா, சுண்ணாம்புலயே பூசுங்கன்னு சொல்லி, கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி ஊத்தி கலந்து அவரே நின்னு பூசிக் குடுத்தாரு. நேரம் இழுத்துச்சு, ஆனா ஏப்ரல் வெயில்ல அந்த ரூமுக்குள்ள போனா வித்தியாசம் தெரியும். செலவுல பெரும்பகுதி பாத்ரூமுக்குத்தான். பழைய மாடில பாத்ரூம் ஏத்துனா வெயிட்டும் தாங்காது ஒழுகவும் செய்யும்னு, பின்பக்கம் தனியா காங்கிரீட் தூண் எழுப்பி மூணு ரூமுக்கும் சேத்து வெளிய கட்டி உள்ள இருந்து கதவு வச்சோம்.

பேப்பர் வேலை பயந்த அளவுக்கு இல்ல. மத்திய சுற்றுலாத் துறையோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்துல ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரைக்கும்தான் விட முடியும், வீட்டுக்காரங்க குடும்பத்தோட அதே வீட்டுல இருக்கணும், சில்வர் கோல்டுன்னு ரெண்டு தரம். அம்மா கீழ இருக்கறதால நமக்கு சிக்கல் இல்ல. வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்த (முன்னாடி ஃபார்ம் சின்னு சொல்லுவாங்க) குடியேற்றத் துறைக்கு ஆன்லைன்ல போட்டுரணும், அதுக்கு முன்கூட்டியே லாகின் வாங்கி வச்சுக்கங்க, ஆளு பாஸ்போர்ட்டோட வாசல்ல வந்து நிக்கும்போது தேடாதீங்க. ஜிஎஸ்டி நாம தனியா எடுக்கல, வருஷ வரவு 20 லட்சம் தாண்டாத வரைக்கும் ஆப்புல வர்ற புக்கிங்குக்கு ஆப் கம்பெனியே கட்டிருது.

எதிர்பாக்காத இடி அக்கம்பக்கத்துல இருந்து. யாரு எவருன்னு தெரியாதவங்க பெட்டியோட சந்துக்குள்ள வந்தா கேப்பாங்கள்ல. வாசல்ல கேமரா போட்டு, ஐடி ரிஜிஸ்டர் வச்சு, எதிர்வீட்டு அக்காவையே துணி துவைக்கிற வேலைக்கு பேசி விட்டதுக்கப்புறம்தான் முணுமுணுப்பு அடங்குச்சு. கட்டிலுக்கு மூணு செட் பெட்ஷீட் வேணும். வெள்ளை டவல் வாங்காதீங்க, கோயில் குங்குமமும் நல்லெண்ணெயும் போகவே போகாது.

ஆளுங்க வர்ற நேரத்தயும் கோயில வச்சுத்தான் முடிவு பண்ணோம். மத்தியானம் 12.30க்கு நடை சாத்துனா சாயங்காலம் 4க்குத்தான் திறக்கும், அதனால செக்-இன் ஒரு மணி, வந்தவங்க குளிச்சு தூங்கி எந்திரிச்சு போவாங்க. 2018ல இருந்து கோயிலுக்குள்ள செல்போன் கிடையாது, அத அம்மா மொதல்லயே சொல்லிருவாங்க, போனெல்லாம் எங்க வீட்டு பீரோவுலதான் கிடக்கும். கார்த்திகை பிறந்துட்டா சபரிமலை போற சாமிங்க ஒரு வேன் நிறைய வந்து மூணு ரூம் போதும் நாங்க தரைல படுத்துக்குவோம்பாங்க. விடுறதில்ல, பாத்ரூம் தாங்காது. கிச்சன் அம்மாவோடது, பூஜை ரூமுக்கு பூட்டு. காலைல இட்லி மட்டும் குடுப்போம், மதியத்துக்கு வெளிய போய்க்கங்கன்னு சொல்லிருவோம், மதுரைல சாப்பாட்டுக்கா பஞ்சம்.

வீட்டுல ஆள் இருந்தா இறங்குங்க. சென்னைல உக்காந்துட்டு சாவிய பெட்டிக்குள்ள வச்சு நடத்தலாம்னு நினைக்கிறவங்க அந்த மாடிய மாச வாடகைக்கே விட்டுருங்க. எங்களுக்கு பராமரிப்பு போக ஏதோ நிக்குது, அம்மா பேர்லதான் போகுது. போன சித்திரைக்கு ஒரு குடும்பம் மூணு மடங்கு தர்றேன்னு ரெண்டு தடவ போன் பண்ணாங்க. அத்தை வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்து இறங்கியாச்சு, எனக்கே மொட்டை மாடிலதான் பாய்னு சொல்லி வச்சுட்டேன்.