தூணின் தலையைப் பார்த்துக் காலம் சொல்ல

எங்கள் வாசகர் வட்டத்தில் வாரந்தோறும் கலை வரலாற்று வினாடி வினா நடக்கிறது. சரியான விடைக்குப் புத்தகம் பரிசு. புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, மன்னர்களின் ஆட்சி ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்றுதான். வேண்டியதில்லை. திணறவைக்கும் கேள்விகளெல்லாம் படக் கேள்விகள். தூணின் மேற்பகுதியை மட்டும் காட்டி, எந்தக் காலம் என்பார்கள்.

அங்கே கைகொடுப்பது போதிகை. தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருக்கும் கல் அது. வளைந்து இறங்கி அலையலையாக வரிகள் ஓடினால் பல்லவர் என்று தொடங்குங்கள். சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு துருத்தி நின்றால் சோழர். நுனியில் பூமொட்டு தொங்கினால் விஜயநகரக் காலம் அல்லது அதற்குப் பின். முற்காலச் சோழர் கோயில்கள் சிலவற்றிலும் அலைவரிகள் தொடர்கின்றன. அதனால் போதிகையோடு நிறுத்திவிடாதீர்கள். கபோதத்தில், அதாவது கூரை விளிம்பாக வளைந்து இறங்கும் பகுதியில், கூடு என்ற குதிரைலாட வடிவ அலங்கார வளைவு இருக்கும். அதன் உச்சியைப் பாருங்கள்: மண்வெட்டி வடிவம் பல்லவர், சிங்கமுகம் சோழர். பிறகு வாயிற்காவலரின் கைகள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக் கோயிலில் இரண்டு, 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் நான்கு.

உறுப்புகளின் வளர்ச்சியை வைத்துக் காலம் கணிக்கும் இந்த முறையை விரிவாக வகுத்துத் தந்தவர், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய். அவருடைய ஆய்வு 1914இல் வெளிவந்தது. நூறாண்டு கடந்தும் அதைவிடத் தெளிவான நுழைவாயில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓவியக் கேள்விகளில் 1931 அடிக்கடி தலைகாட்டும். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் பல்லவ ஓவியங்களை துப்ரேய் கண்டறிந்ததும், தஞ்சைக் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்களை எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்ததும் அதே ஆண்டுதான். இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் விதத்துக்கு வருகிறேன். நல்ல கலை நூல் கிடைத்தால் முதலில் படங்களுக்குப் போங்கள். கீழேயுள்ள குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு காலம், இடம், காரணம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்; பிறகு கையை எடுங்கள். காரணம் சொல்ல வராத விடை, சரியாகவே இருந்தாலும், அடுத்த படத்துக்கு உதவாது. பக்கத்தில் பழைய கோயில் இருந்தால் இதையே அங்கே செய்யலாம். வெயில் சாயும் நேரத்தில் போங்கள். பக்கவாட்டில் ஒளி விழும்போது தேய்ந்த வரிகளும் தெரியும்.