துணிக்கூரையும் இலைச்சேறும்
என் மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக்கூரையை மடக்கக்கூடிய சின்னக் கார்; 1990இல் வந்த முதல் தலைமுறை வண்டி. தினமும் வேலைக்குப் போவது இதில்தான். எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. வளைவில் ரோட்டின் ஒவ்வொரு நெளிவும் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும்.

காலையில் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, துணிக்கூரையின் தண்ணீர் வடியும் துளைகளைச் சுத்தம் செய்தேன். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக இறக்கியதும் மக்கிய இலைச்சேறு கரைந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இது அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழே உள்ள தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். (வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்புக்கு முன் அங்கே குனிந்து பாருங்கள்.) டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை), ரப்பர் ஹோஸ் எல்லாம் கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாற்றினால் போதாது, வயதும் கணக்கு.

அப்புறம், சாயங்காலம் கூரையை மடக்கிவிட்டு வீட்டுக்குச் சுற்றுவழியில் வந்தேன்.