பானாகரில் வாங்கிய சக்திமான்: இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

நான் வாங்கிய சக்திமான் லாரியின் விற்பனைச் சான்றிதழில் எஞ்சின் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. அந்த இரண்டு இலக்கங்களுக்காக 2019 பிப்ரவரியில் நான் மேற்கு வங்கத்தில் ஒன்பது நாள் காத்துக் கிடந்தேன். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. மிலிட்டரி டிஸ்போசல் வண்டி, அதாவது இராணுவம் கழித்து ஏலம் விட்ட வண்டி, வாங்கக் கிளம்பும் வேறு யாருக்கும் இந்த அலைச்சல் வரக்கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

சிறுமலையில் எங்களுக்குக் காப்பியும் மிளகும் வாழையும் உள்ள ஒரு தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டத்துக்குள் செல்லும் மண்பாதையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சாதாரண லாரி ஏறாது. அந்த மாதங்களில் வாழைத்தாரைக் குதிரை முதுகில்தான் இறக்க வேண்டியிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று தேவை என்றபோது, எங்கள் மெக்கானிக் அண்ணன் சக்திமானைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, 1959 முதல் 1996 வரை ஜபல்பூரில் இராணுவத்துக்காகத் தயாரான லாரி அது. அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரி வந்த பிறகு படிப்படியாகக் கழிக்கப்பட்டு ஏலத்துக்குப் போனது. ஏலத்தில் மொத்தமாக எடுக்கும் வியாபாரிகளிடமிருந்து சில்லறையாக வாங்க வேண்டுமானால், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து இராணுவத் தளம் உள்ள மேற்கு வங்கத்தின் பானாகருக்குத்தான் போக வேண்டும், அங்கே ஜி.டி. சாலையோரம் இராணுவ வண்டிகளும் உதிரி பாகங்களும் குவிந்து கிடக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து சென்னை, விஜயவாடா, புவனேஸ்வரம், கரக்பூர் வழியாக ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். பொலேரோவில் நானும் அண்ணனும் மாறி மாறி ஓட்டி நான்கு நாளில் சேர்ந்தோம். போகும் வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வண்டியும் நன்றாகவே இருந்தது. காலை வேளையில் இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான்கு சக்கர இழுவையும் சேற்றில் இறக்கிப் பார்த்ததில் தடுமாறவில்லை. நான் மீதிப் பணத்தை வங்கி வழியாக அனுப்பத் தயாரானேன். அண்ணன் மட்டும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு எஞ்சின் பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து எடுத்தபோது, பச்சை வண்ணத்துக்கு அடியிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அச்செடுத்தார். சான்றிதழை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, "தம்பி, பணம் அனுப்பாதே. இதுல ஏழு நாலு, காகிதத்துல நாலு ஏழு," என்றார்.

வியாபாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுத்துப் பிழைதானே, உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். அதை நம்பியிருந்தால் வண்டி இன்றுவரை திண்டுக்கல் பட்டறையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். புதிய வண்டிக்கு ஷோரூம் சான்றிதழ் தருவதுபோல, முன்னாள் இராணுவ வண்டிக்குச் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் வழங்கிய அசல் விற்பனைச் சான்றிதழைத் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 47-ஆம் விதி சொல்கிறது. அந்தச் சான்றிதழில் பிழை இருந்தால் அதை வழங்கிய இராணுவ டிப்போதான் திருத்த முடியும். நோட்டரி கையெழுத்தோடு எத்தனை உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாலும் எண் எண்தான். இதை வியாபாரிக்குப் புரியவைக்கவே ஒரு நாள் போயிற்று. திருத்திய அசல் கைக்கு வரும்வரை மீதிப் பணம் வராது என்று சொன்ன பிறகுதான் அவர் அசைந்தார்.

அந்த வண்டி ஏலம் போன டிப்போ பானாகரிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்தது. முதல் பயணம் முழுவதும் வீண். ஏலம் எடுத்தவர் என்ற முறையில் வியாபாரியை மட்டும் உள்ளே விட்டார்கள். எங்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் கைப்பேசியைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. எஞ்சின் எண்ணைக் காட்டும் படங்கள் எல்லாம் அந்தக் கைப்பேசியில் இருந்தன. உள்ளே இருந்த எழுத்தரோ ஆதாரம் இல்லாமல் பதிவேட்டைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தால் பிழை தட்டச்சில் நேர்ந்தது என்று அவருக்கே ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் திறக்கவில்லை, நாங்கள் திரும்பினோம்.

இரண்டாம் முறை அண்ணன் எடுத்த பென்சில் அச்சையும், அச்சிட்ட புகைப்படங்களையும், ஏலத்தின் லாட் எண்ணும் விடுவிப்பு ஆணையின் எண்ணும் தேதியும் குறிப்பிட்டுத் தட்டச்சு செய்த விண்ணப்பத்தையும் வியாபாரியின் கையில் கொடுத்து அனுப்பினோம். அதே எழுத்தர் இம்முறை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் எண் சரியாகவே இருந்தது. ஆனால் கையெழுத்திட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தார். திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் பயணத்தில், திருத்திய இடத்தில் அதிகாரியின் கையொப்பமும் முத்திரையும் தேதியும் பதிந்த சான்றிதழ் வந்தது. கேட்டுக்கு வெளியே, வெயிலில், நான் அதை நான்கு முறை படித்தேன்.

எனவே டிஸ்போசல் வண்டி பார்க்கப் போகும்போது மண்ணெண்ணெய், துணி, மெல்லிய தாள், பென்சில் ஆகியவற்றை உங்கள் பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் அச்செடுத்து ஒப்பிடாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். நான் முன்பணம் கொடுத்த பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். அது என் தவறு.

வண்டியை ஓட்டிக்கொண்டே ஊர் திரும்ப வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பதிவில்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. தற்காலிகப் பதிவுக்கு மேலும் சில நாள் ஆகும் என்றார்கள். அதற்கு மேல் காத்திருக்க மனம் இல்லாததால் டிரெய்லரில் ஏற்றினோம். பின்பெட்டியின் தார்ப்பாய் வளையங்களைக் கழற்றி உள்ளே படுக்க வைத்தால் உயரம் குறையும். ஏற்றும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். ஏற்றிய பிறகு அந்தத் துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட எங்களுக்கு அரை நாள் ஆனது.

ஒடிசாவில் சில்கா ஏரிக்குச் சற்று முன்பு டிரெய்லரின் இழுவை வண்டி நின்றுவிட்டது. போக்குவரத்துக்காரர் வேறொரு வண்டியை அனுப்பினார். மகிழ்ச்சியோடு கிளம்பி, அடுத்த சோதனையில் மாட்டிக்கொண்டோம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு எடுத்த இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டின் இரண்டாம் பகுதியில், நின்றுபோன பழைய வண்டியின் எண்ணே இருந்தது. வழியில் வண்டி மாறினால் கிளம்புவதற்கு முன்பே அந்த எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். வியாபாரியைத் தொலைபேசியில் பிடித்து மாற்ற வைப்பதற்குள் இருட்டிவிட்டது. போதாக்குறைக்கு, இராணுவப் பச்சை நிறத்தில், நம்பர் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு லாரி டிரெய்லரில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அசல் சான்றிதழ் கையில் இருந்ததால்தான் அபராதம் இல்லாமல் விட்டார்கள். அந்த இரவில் ஒன்பது நாள் காத்திருந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

ஊர் வந்த பிறகும் ஒரு பயணம் வீணானது. இராணுவப் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெந்த வண்டிக்கும் பூசக்கூடாது என்று 121-ஆம் விதி இருக்கிறது. எனக்கு அது தெரியாது. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்ததும் திருப்பி அனுப்பினார். அம்புக்குறிப் பலகையைக் கழற்றி, சுரண்டி, மஞ்சளும் பழுப்பும் பூசிக் கொண்டுபோக இரண்டு வாரம் ஆனது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் ஷோரூம் சான்றிதழ் எங்கே என்றுதான் கேட்டார்கள். நான் 47-ஆம் விதியை அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். முன்னாள் இராணுவ வண்டியைக் குறிக்கும் வரியைக் காட்டியதும் அந்த எழுத்தர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "சரி சார், அசலைக் கொடுங்க," என்றார். குரலில் எரிச்சல் இல்லை. இத்தனை நாளில் என் பேச்சை ஓர் அலுவலகம் முதல்முறையிலேயே கேட்டது அங்கேதான்.

ஆய்வாளர் வெளியே வந்து, அண்ணன் செய்ததுபோலவே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஏழு, நாலு. சான்றிதழிலும் ஏழு, நாலு. அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டு, பேட்டரி இணைப்பைச் சரிபார்க்கப் போனார்.