ஆரத்தி நிறத்துக்கு மாறிய ஜெல்

எம்.பார்ம் ப்ராஜெக்டுக்கு சோரியாசிஸ் ஜெல்லை எடுத்ததற்குக் காரணம் என் பெரியப்பா. முழங்கையில் செதில் செதிலாக உதிரும். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, ஊதா நிறம் இறங்கியதும் தடவிக்கொள்வார். ஓரளவு கேட்கிறது என்பார். ஆனால் அந்தப் பிசுக்கோடு சட்டை போட முடியாது. "ஒட்டாத மருந்தா ஒண்ணு செய்யேம்மா" என்றார். மஞ்சளின் குர்குமினைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜெல்லைக் கெட்டியாக்க கார்போபால் 940 என்ற பொடி, ஒரு சதவீதம். மொத்தமாகக் கொட்டினால் மைதா போலக் கட்டி தட்டும். கலக்கியபடியே தூவி, ராத்திரி ஊறவிட வேண்டும். குர்குமின் தண்ணீரில் கரையாது என்பதால் எத்தனாலிலும் புரோப்பிலீன் கிளைக்காலிலும் கரைத்துச் சேர்த்தேன்.

ஊறிய கார்போபால் அமிலத்தன்மையோடு இருக்கும், பி.ஹெச் 3 அளவில். ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 6-க்குக் கொண்டுவந்தால்தான் கெட்டியாகும். அவசரத்தில் அளவு கூடிவிட்டது. மஞ்சள் ஜெல் கண்ணெதிரே சிவந்தது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கிற அதே சங்கதிதான். வீட்டில் எத்தனை முறை பார்த்திருப்பேன், லேபில் நினைவு வரவில்லை!

நிறம் போனால் போகட்டும் என்று விட முடியாது, காரத்தில் குர்குமினே சிதைந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அடுத்த கட்டத்தில் அதே குழியில் விழுந்தேன். மருந்து தோலைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் கருவியான ஃப்ரான்ஸ் செல்லில் பன்றிக் காதுத் தோலை வைத்து, அடியில் வழக்கம்போல 7.4 பி.ஹெச் பாஸ்பேட் பஃபர் ஊற்றினேன், அதாவது பி.ஹெச் மாறாமல் வைத்திருக்கும், லேசாகக் காரமான கரைசல். தோலைத் தாண்டி வரும் மருந்தை 425 நானோமீட்டர் ஒளியில் அளந்தால், ரீடிங் ஏறவே இல்லை. மூன்று வாரம் ஜெல்லையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் 37 டிகிரியில் அந்தப் பஃபருக்குள் குர்குமின் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் சிதைந்துபோகும். பி.ஹெச் 5.5-க்கு இறக்கி, கரைவதற்கு எத்தனாலும் சேர்த்த பிறகுதான் எண்கள் ஏறின.

காது வாங்கியது தனிக் கதை. முடி நீக்க வெந்நீர் ஊற்றிய தோல் சோதனைக்கு ஆகாது, மேலடுக்கு கெட்டிருக்கும். "வெந்நீர் படாத காதுதான் வேணும்ணே" என்றபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இமிகுவிமோட் என்ற க்ரீமைத் தடவி எலிக்கு சோரியாசிஸ் போன்ற செதிலை வரவழைத்துப் பார்க்கும் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் என் படிப்பு முடிந்துவிட்டது. அதனால் மருந்து தோலுக்குள் போகிறது என்பது வரைதான் என்னால் சொல்ல முடியும், நோய் கேட்குமா என்பது வேறு கேள்வி. பெரியப்பாவிடம் அதைத்தான் சொன்னேன். அவர் என் லேப் கோட்டின் கைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு முறை துவைத்தும் போகாத மஞ்சள் கறை.

"எண்ணெயே தேவலாம் போலிருக்கேம்மா."