மாமியின் விரல்களும் ஊசியின் விலையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். என் மாமிக்கு வந்த முடக்குவாதமோ சரியாக அந்த நேரத்தில்தான் விரல்களை மடக்கவிடாமல் இறுக்கும். வாரம் ஒரு முறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு அதிகச் செலவில்லை. அது போதாமல் போனதும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் அடாலிமுமாப் ஊசியைத் திருவனந்தபுரத்தில் எழுதிக் கொடுத்தார்கள். விலையைக் கேட்ட மாமி சீட்டைப் பேசாமல் மடித்து வைத்துக்கொண்டார்.

மூட்டழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தை அடக்கும் இம்மருந்து உயிருள்ள செல்களில் தயாராவதால், சாதாரண மாத்திரையைப் போல எளிதில் நகலெடுக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் விலைக்கு அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. ஹுமிரா என்ற பெயரில் 2002 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இதன் மூலக் காப்புரிமை 2016-இல் முடிந்தும், அதன்மேல் அடுக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளால் அங்கே போட்டி மருந்து 2023 ஜனவரியில்தான் விற்பனைக்கு வந்தது. இந்தியாவிலோ சைடஸ் நிறுவனம் தன் ஒப்பு மருந்தை 2014 டிசம்பரிலேயே, அமெரிக்க விலையில் சிறு பங்குக்கு, வெளியிட்டுவிட்டது.

அந்தச் சிறு பங்கும் பால் வெட்டுக் கூலிக்குப் பெரிதுதான். இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் மாவட்டத்தில் வெட்டே நடக்காத நாள்களும் அநேகம். மருத்துவமனையில் படுத்தால் மட்டுமே பணம் தரும் மாமியின் காப்பீடு, போட்டுவிட்டு வீடு திரும்பும் ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே மருத்துவரிடம் சொல்லாமல், இரண்டு வார ஊசியை மாமி நான்கு வாரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறார்.